கத்திரி வெயிலில் ஏழு சைக்கிள்கள்

வணக்கம் சார்,

மே இரண்டாவது வாரம் நாங்கள் ஏழு பேர் திருச்சியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு மூன்று நாளில் சைக்கிளில் போகிறோம். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது அப்போதுதான். கத்திரி வெயில் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் போதுமா? எலெக்ட்ரோலைட் பவுடர் அவசியமா? எங்களில் ஒருவருக்கு 52 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். அந்தப் பாதையில் நீங்கள் போயிருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள்.

க., திருச்சி

அன்புள்ள க.,

போயிருக்கிறேன். அதுவும் ஒரு மே மாதத்தில், ஐந்து பேராக. அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பவுடருக்கு வருகிறேன்.

இரண்டாம் நாள் புதுக்கோட்டையில் இட்லி தாமதம், அப்புறம் ஒரு பஞ்சர். ஒன்பது மணிக்குத்தான் கிளம்பினோம். திருமயம் கோட்டையைத் தாண்டும்போது பதினொன்றரை. காலையெல்லாம் எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டு வந்த நண்பர் திடீரென்று அமைதியாகிவிட்டார். “ஓகேவா?” என்றால் “ஓகே, ஓகே.” மூன்று முறை கேட்டோம், மூன்று முறையும் அதே பதில். கொஞ்ச தூரத்தில் அவருடைய முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. நிறுத்தி, “நேற்று ராத்திரி எங்கே தங்கினோம்?” என்று கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் சொந்த ஊர்ப் பெயரைச் சொன்னார். கறுப்பு டீ ஷர்ட்டில் உப்பு வரிவரியாகப் பூத்திருந்தது.

நல்லவேளை, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சட்டையோடு தொட்டியில் உட்காரவைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள, தலையில் குடம் குடமாக ஊற்றினோம். இன்னொருவர் 108க்குப் போன் செய்தார். வண்டி வந்து சேர்ந்தபோது “என் ஷூவை யார் கழற்றியது?” என்று கோபமாகக் கேட்டார். அதைவிட இனிமையான கோபத்தை நான் கேட்டதில்லை.

உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சும் புத்தியும் தடுமாறினால் அது ஹீட் ஸ்ட்ரோக். முதலில் உடம்பைக் குளிரவைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தூக்குவது அதற்குப் பிறகு. நினைவு தடுமாறுகிறவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

அவர் அன்று தண்ணீர் குடிக்காமல் இல்லை. மற்ற நாலு பேரும் மிதிக்கும்போது “எனக்கு முடியவில்லை” என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான். தனியாகப் போயிருந்தால் ஒரு புளியமரத்தடியில் படுத்திருப்பார். ஆகவே ஏழு பேருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: யார் கை தூக்கினாலும் எல்லோரும் நிற்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மெதுவாகப் போகிறவர் முன்னால், வலுவானவர் கடைசியில். “ஓகேவா” என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் ஓகே என்றுதான் சொல்வார்கள். யோசித்துப் பதில் சொல்கிற மாதிரி ஏதாவது கேளுங்கள்.

மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் போகிறது. அதை வெளியேற்றுவது வேர்வை. ஆனால் அது ஆவியாக வேண்டும், சொட்டிக் கீழே விழுந்தால் பிரயோஜனமில்லை. புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் வறண்ட காற்று, வேர்க்கிறதே தெரியாது. சைக்கிளை நிறுத்தியதும்தான் கொட்டும். தேவிபட்டினம் நெருங்கினால் நிலைமை தலைகீழ். வெயில் குறைந்த மாதிரி இருக்கும், ஆனால் கடற்காற்றின் ஈரத்தில் வேர்வை உலராது. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

மூன்று நாளை நான்காக்குங்கள். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 230 கிலோமீட்டர், மூன்றாகப் பிரித்தால் ஏதோ ஒரு நாள் உச்சி வெயிலில் மாட்டிக்கொள்வீர்கள். விளக்கு போட்டுக்கொண்டு நாலரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும். பாக்கியை மாலை நாலரைக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். பகலில் படுக்க இடத்தை முன்கூட்டியே பேசிவையுங்கள். ரோட்டை அகலப்படுத்தியவர்கள் பல இடங்களில் மரங்களை மிச்சம் வைக்கவில்லை. காரைக்குடியில் தெரிந்தவர் வீடு இருந்தால் பாயை மறந்துவிட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் படுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினம் ஒரு மணி நேரம் மாலை வெயிலில் மிதித்துப் பழகுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக மே மாத ரோட்டுக்கு வருகிறவர்தான் முதலில் விழுவார்.

தண்ணீருக்கு லிட்டர் கணக்கு வேண்டாம், தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. வெறும் தண்ணீரையே வம்படியாகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்து. விலை உயர்ந்த பவுடர் தேவையில்லை. மெடிக்கலில் கிடைக்கும் ஓஆர்எஸ் பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரையுங்கள். அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. உப்புப் போட்ட மோர், சின்ன வெங்காயத்தோடு பழைய சோறு, இவற்றுக்கு மேல் என்ன இருக்கிறது?

52 வயதுக்காரர் கிளம்பும் முன் டாக்டரைப் பார்க்கட்டும். பிபி மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகம் பிரியவைப்பவை. அவராகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ஓஆர்எஸ், உப்பு மோர் விஷயத்தையும் அவர் கேட்டுக்கொண்டுதான் தொட வேண்டும்.

கடைசி நாள் பாம்பன் பாலத்தை அதிகாலையிலேயே கடந்துவிடுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், பொட்டு நிழல் கிடையாது, பக்கவாட்டுக் காற்று வேறு தள்ளும். ஒற்றை வரிசையில் போங்கள். போட்டோவெல்லாம் அக்கரை போய்.