க்வேலா: பென்னிவிசில் இசை பற்றி வாசகர் கேள்விகள்

1950களில் ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினக் குடியிருப்புகளில், ஆறு துளை கொண்ட தகரக் குழலான பென்னிவிசிலை வைத்துச் சிறுவர்கள் வளர்த்த இசை க்வேலா. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சில.

க்வேலாவைக் கேட்டால் கால் சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, ஏன் சார்?

கிட்டாரைக் கவனியுங்கள். மூன்றே கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டுகள்), சின்னச் சுற்றாகப் பாட்டு முடியும்வரை வந்துகொண்டே இருக்கும். அந்தக் குடியிருப்புகளின் பழைய மராபி இசையிலிருந்து வந்த சுற்று அது. துள்ளல் அமெரிக்க ஜாஸின் ஸ்விங் பாணி தந்தது. இரண்டு சுற்றுக்குள் காது பழகிவிடும், அப்புறம் மனசு முழுக்கக் குழலோடு ஓடும். குழல்காரர் ஒரு குட்டி மெட்டைப் பிடித்து, ஒவ்வொரு சுற்றிலும் லேசாக மாற்றிக்கொண்டே போவார். எனக்கு மகிழ்ச்சி பொங்குவது அந்த மாற்றங்களில்தான்.

பொம்மைக் குழல் போல இருக்கிறது. இவ்வளவு கனமான ஒலி எப்படி வருகிறது?

வாயில் வைக்கும் விதத்தால். நேராக உதட்டில் வைக்காமல் வாய்க்குள் கொஞ்சம் தள்ளி, சாய்த்து, பக்கவாட்டில் திருப்பி ஊதுவார்கள். ஒலி தடித்து, லேசாகக் கரகரக்கும். துளையைப் பாதி மூடி, விரலை மெல்ல நகர்த்தினால் சுரம் வழுக்கும். ‘தி மேஜிக் கார்டன்’ படத்தில் வாசித்த வில்லார்ட் செலேயை இந்த முறைக்கு முன்னோடி என்பார்கள்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பென்னிவிசில் கலைஞர் ஸ்போக்ஸ் மஷியானேயின் ‘ஏஸ் ப்ளூஸ்’, 1954. அடுத்து ‘டாம் ஹார்க்’. இலியாஸும் அவருடைய ஸிக்-ஸாக் ஜைவ் ஃப்ளூட்ஸ் குழுவும் வாசித்தது, 1958இல் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. தொடக்கத்தில் வரும் தெருப் பேச்சைத் தவறவிடாதீர்கள்: சூதாடும் பையன்கள் போலீஸ் வண்டியைக் கண்டதும் ஆட்டத்தை மறைத்துவிட்டுக் குழலை எடுக்கிறார்கள்.

நிறவெறி ஆட்சியில் இத்தனை உற்சாகமா? கொஞ்சம் போலியாகப் படவில்லையா?

இல்லை, உறுதியாகச் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் கறுப்பினத்தவர் வாழ்ந்த சோபியாடவுன் பகுதியை அரசு காலி செய்யத் தொடங்கியது 1955இல், க்வேலா உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில். தெருவில் வாசித்த பையன்களைப் போலீஸ் விரட்டியது, பிடித்துக்கொண்டும் போனது. பலருக்கு ஒலிப்பதிவுக்கு ஒரு சிறு தொகைதான், ராயல்டி கிடையாது. அவர்கள் முதலில் வாசித்தது தங்கள் தெருக்காரர்கள் ஆடுவதற்காக. அந்த மாலை நேர ஆட்டத்தைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வராது. நகரில் நடமாடக் கறுப்பினத்தவர் வைத்திருக்க வேண்டிய அனுமதிச்சீட்டை நாள் முழுக்கக் காட்டி நடந்தவர்களுக்கு அது சொந்தமான நேரம்.

பிறகு ஏன் மறைந்தது?

1958 வாக்கில் மஷியானே சாக்ஸபோனுக்கு மாறினார், ரசிகர்களும் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் மலாவியில் டொனால்ட் கச்சம்பா க்வேலாவைத் தொடர்ந்து வாசித்தார். அமெரிக்கப் பாடகர் பால் சைமனின் ‘யூ கேன் கால் மி அல்’ (1986) பாட்டில் வரும் பென்னிவிசில் தென்னாப்பிரிக்கரான மோரிஸ் கோல்ட்பெர்க் வாசித்தது.

நான் கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக. அன்று அவர்கள் அதிகம் பயன்படுத்தியவை ஜி, பி-ஃபிளாட் சுருதிக் குழல்கள். முதலில் நேராக ஊதிப் பழகுங்கள். சுரம் நின்ற பிறகு சாய்த்துப் பாருங்கள். கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவரைக் கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தச் சுற்று இல்லாமல் க்வேலா வராது.