மலைச்சரிவில் காற்று பகலில் மேலேறுவதும் இரவில் கீழிறங்குவதும் ஏன்?

சூடான காற்று மேலே போகும் என்று படித்திருக்கிறோம், பிறகு இரவில் மலைச்சரிவில் காற்று ஏன் கீழ்நோக்கி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஊட்டி அருகே ஒரு பள்ளத்தாக்கில் வளர்ந்தவன். எங்கள் கேரட் தோட்டம்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

சரிவில் உள்ள காற்றை அடிவாரக் காற்றோடு ஒப்பிடாதீர்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. அதே உயரத்தில், பள்ளத்தாக்கின் நடுவே அந்தரத்தில் இருக்கும் காற்றோடு ஒப்பிடுங்கள். வெயிலில் முதலில் சூடேறுவது தரை. அதைத் தொட்டிருக்கும் காற்றும் சூடேறி, நடுவில் உள்ள காற்றைவிட லேசாகி, சரிவை ஒட்டியே மேலேறுகிறது. காலையில் பளிச்சென்று தெரிந்த தொட்டபெட்டாவை மதியத்துக்குள் மேகம் மூடுவதில் இந்த ஏற்றத்துக்கும் பங்கு உண்டு.

பொழுது சாய்ந்ததும் எல்லாம் தலைகீழ். தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து வேகமாகக் குளிர்கிறது; அதைத் தொட்ட காற்று கனத்து, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடி வழிகிறது. அந்தியில் எங்கள் அடுப்புப் புகை தோட்டத்தின் மேல் தவழ்ந்து இறங்குவதைச் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத, அசைவற்ற இரவுகளில் அந்தக் குளிர் பள்ளத்தில் குளம் போலத் தேங்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் உறைபனி வெண்மையாகப் படிவது மேடுகளைவிட, குதிரைப் பந்தய மைதானம், தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில்தான் அதிகம்.

சரிவுக்காற்று மென்மையானது. பள்ளத்தாக்கின் நீளவாக்கில் வீசும் காற்று அப்படியல்ல. நேபாளத்தில் தவளகிரி, அன்னபூர்ணா மலைகளுக்கு இடையே ஓடும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில், முற்பகல் கடந்தால் மேல்நோக்கிப் புயல் போல அடிக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள ஜோம்சோம் என்ற ஊரின் விமானங்கள் காலையிலேயே பறந்துவிடுவது அதனால்தான். மலைச்சுவர்களுக்குள் அடைபட்ட காற்றின் அளவு குறைவு. அதே வெயிலுக்குச் சமவெளிக் காற்றைவிட அதிகம் சூடேறுகிறது. அழுத்தம் குறைந்து, கீழிருந்து காற்றை இழுக்கிறது.

எங்கள் தோட்டத்தின் கீழ் ஓரத்தில் அடர்ந்த உயிர்வேலி இருந்தது. அதை ஒட்டிய பாத்திகள் மட்டும் ஆண்டுதோறும் பனியில் கருகின. குளிர்காற்றுக்கு வேலி அணையாகிவிட்டதைக் கண்ட அப்பா, இரண்டு இடங்களில் ஆள் நுழையும் அகலத்துக்கு அதை வெட்டிவிட்டார். அடுத்த ஜனவரியில் அந்தப் பாத்திகளில் பாதிக்கு மேல் பிழைத்தன.