கேள்வி நேரம்: எந்த ஊர்த் தேதி?

கே: சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்று ஒரு பலகை எழுதி வைக்கிறோம். செப்டம்பர் 11 என்றால் நியூயார்க் தாக்குதலைத் தவிர வேறு எதுவும் தேறவில்லையே?
- உட்லண்ட்ஸ் வாசகர்

ப: தாராளமாகத் தேறும். 1893இல் சிகாகோ சர்வசமயப் பேரவை தொடங்கியதும், விவேகானந்தர் அங்கே முதல் உரை ஆற்றியதும் அன்றுதான். 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசின் பதிவுச் சட்டத்துக்குப் பணிவதில்லை என்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் காந்தியோடு சேர்ந்து இந்தியர்கள் உறுதிமொழி எடுத்ததும் அதே தேதி. 1973இல் சிலி நாட்டு ராணுவம் அதிபர் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தது.

தமிழர் பலகையில் இன்னொன்று கட்டாயம் வேண்டும்: 1921இல் பாரதியார் மறைவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. திருவல்லிக்கேணியில் அவர் உயிர் பிரிந்தது செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி அளவில். மாநகராட்சிப் பதிவேடு 12 என்கிறது. நம் மரபில் சூரியன் உதித்தால்தான் மறுநாள், அதனால் ஊர் வழக்கு 11. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மல்லுக்கட்ட வேண்டாம். ‘11ஆம் தேதி இரவு, நள்ளிரவுக்குப் பின்’ என்று எழுதினால் போதும்.

ஒரு நாளுக்கு நான்கு வரிக்கு மேல் போகாதீர்கள், யாரும் நின்று படிப்பதில்லை. ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, ஊர், யார், என்ன என்ற நான்கும் இருக்கட்டும். ஊர்ப் பெயரைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். குழப்பமெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

கே: நிலவில் மனிதன் கால் வைத்தது ஜூலை 20 என்கிறார்கள். என் தாத்தாவோ 21 காலையில் வானொலியில் கேட்டதாகச் சொல்வார். யார் சொல்வது சரி?
- தெம்பனீஸ் வாசகர்

ப: இருவர் சொல்வதும் சரி. 1969 ஜூலை 20, கிரீனிச் நேரம் இரவு 8:17க்குக் கலம் இறங்கியது. ஆம்ஸ்ட்ராங் கால் பதித்தது கிரீனிச்சில் 21ஆம் தேதி அதிகாலை 2:56. அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது 20 இரவு 10:56, சென்னையில் 21 காலை 8:26, சிங்கப்பூரில் 21 காலை 10:26.

சிங்கப்பூருக்குக் காலை 10:56 என்று வருமே என்கிறீர்களா? இப்போதைய கணக்குப்படி கிரீனிச்சோடு 8 மணி நேரம் கூட்டினால் அப்படித்தான் வரும், தவறாக. 1981 முடியும்வரை நாம் ஏழரை மணி நேரம்தான் முந்தி இருந்தோம். அவ்வாண்டு டிசம்பர் 31 இரவு 11:30க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிப் புத்தாண்டைத் தொடங்கினோம். கைப்பேசியில் நேரம் மாற்றிப் பார்ப்பவர்கள் பலர் இந்த அரை மணியில் தடுக்கி விழுகிறார்கள். 1982க்கு முந்தைய சம்பவமா? ஏழரையைக் கூட்டுங்கள். ஜப்பானிய ஆட்சிக் காலமா? ஒன்பதைக் கூட்டுங்கள், அப்போது இங்கே தோக்கியோ நேரம். 1941 செப்டம்பருக்கு முன் என்றால் கணக்கு வேறு.

கே: ஆகஸ்ட் 9இல் நம் தேசிய தினம் தவிர வேறு என்ன? பேர்ல் துறைமுகத் தாக்குதலின் டிசம்பர் 7, 8 குழப்பத்தையும் தீர்த்துவையுங்கள்.
- ஈசூன் ஆசிரியை

ப: 1945 ஆகஸ்ட் 9, முற்பகல் 11:02க்கு நாகசாகி மீது அணுகுண்டு விழுந்தது. அந்த நொடியில் சிங்கப்பூர்க் கடிகாரங்களும் 11:02தான் காட்டியிருக்கும், மேலே சொன்ன தோக்கியோ நேரத்தால். 1942இல் அதே தேதியின் விடியற்காலையில் பம்பாயில் காந்தி கைதானார். 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகியது வாஷிங்டனில் நண்பகல், இங்கே இரவு 11:30. அரை மணி தாமதித்திருந்தால் நமக்கு 10ஆம் தேதி ஆகியிருக்கும்!

பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது 1941 டிசம்பர் 7, ஹவாய்க் காலை 8 மணிக்குச் சற்று முன். சிங்கப்பூரில் அப்போது 8ஆம் தேதி, பின்னிரவு 2 மணிகூட ஆகவில்லை. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் கரையிறங்கியது அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு. சிங்கப்பூர் மீது குண்டு விழுந்தது அதே விடியலில் 4 மணிக்குப் பிறகு. பாடநூலில் 7, 8 என்று இரண்டு தேதி இருப்பதால் நாம் மறுநாள் தாக்கப்பட்டோம் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றும் சில மணி நேரத்துக்குள் நடந்தவை.

கே: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23, ஒரே நாளில் இறந்தார்களாமே?
- ஜூரோங் வாசகர்

ப: கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. ஸ்பெயின் 1582இலேயே புதிய கிரெகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. இடையில் 10 நாள் வித்தியாசம். ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயினில் மே 3. போதாக்குறைக்கு, செர்வாண்டிஸ் இறந்தது 22. 23 அவரை அடக்கம் செய்த நாள்.

பழைய ஜூலியன் நாள்காட்டித் தேதியைப் புதிய நாள்காட்டிக்கு மாற்ற, 1700 பிப்ரவரி வரை 10 நாளும், அடுத்த நூற்றாண்டில் 11, அதற்கடுத்து 12, 1900 பிப்ரவரிக்குப் பின் 13 நாளும் கூட்டுங்கள். ரஷ்யாவின் ‘அக்டோபர்’ புரட்சி நவம்பர் 7இல் வருவது இதனால்தான் (25+13). ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றிவிடாதீர்கள்.

பொய்யைப் பிடிக்க ஒரு வழி: ரோமிலும் ஸ்பெயினிலும் 1582 அக்டோபர் 4க்கு மறுநாள் 15. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் 14. இடைப்பட்ட தேதிகளில் அங்கே ‘நடந்த’ எதுவும் கட்டுக்கதை.

கே: சித்திரை முதல் நாளில்தான் லிங்கன் சுடப்பட்டாரா?
- பொத்தோங் பாசிர் வாசகர்

ப: 1865 ஏப்ரல் 14இல் சுடப்பட்டார், மறுநாள் காலை இறந்தார். ஆனால் சித்திரை 1 ஆங்கில நாள்காட்டியில் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகிறது. 1865இல் புத்தாண்டு இரண்டு நாள் அளவு முன்பே பிறந்திருக்கும். இன்றைய ஏப்ரல் 14ஐ வைத்துப் பழைய பஞ்சாங்கத்தை ஊகிக்கக் கூடாது.

கே: எங்கள் வகுப்பில் 30 பேர். இருவருக்கு ஒரே பிறந்தநாள். அதிசயமா?
- புக்கிட் பாத்தோக் மாணவர்

ப: இல்லை. 23 பேர் இருந்தாலே வாய்ப்பு பாதிக்குமேல். உன் பிறந்தநாளோடு ஒருவர் ஒத்துப்போக மட்டும் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 253 பேர் தேவை.

கே: தேதியைச் சரிபார்க்கப் பழைய தமிழ் முரசு போதுமா?
- செங்காங் வாசகர்

ப: தேசிய நூலக வாரியத்தின் மின்னிதழ்க் காப்பகத்தில் தேடலாம், நல்ல வழி. ஆனால் நாளிதழின் தலைப்பில் உள்ளது அச்சான நாள். சம்பவம் பெரும்பாலும் முந்தைய நாள், வெளிநாட்டுச் செய்தி என்றால் அதற்கும் முன்னதாக இருக்கலாம். செய்தியின் முதல் வரியில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் தேதி இருந்தால் அதை எடுங்கள். ‘நேற்று’ என்று மட்டும் இருந்தால், எந்த ஊரின் நேற்று என்று பார்த்துவிட்டுப் பலகையில் எழுதுங்கள்.