ஏ9 வீதியில் வேக எல்லையை உயர்த்தலாமா?

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி நன்றாகச் செப்பனிடப்பட்டுவிட்டதால், வவுனியாவுக்கும் ஆனையிறவுக்கும் இடையில் மணிக்கு 70 கிலோமீற்றர் என்ற எல்லையை 100 ஆக உயர்த்திவிட்டு, அதற்கு ஈடாக அலட்சியமாக ஓட்டுபவர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கினால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் அந்த வீதியோரத்திலேயே குடியிருப்பவன் என்ற வகையில், எல்லையை உயர்த்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாங்குளத்தைத் தாண்டினால் வீதி நேராகக் கிடக்கிறது. தாரும் வழுவழுப்பாக இருக்கிறது. அதைப் பார்க்கும் எவருக்கும் விரைந்து போகலாம் என்றே தோன்றும். ஆனால் ஒரு வீதியின் வேகத்தை, அதில் யார் யார் நடமாடுகிறார்கள் என்பதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்படுவதற்குக் காரணம், அங்கே எதிர்த்திசை வாகனங்கள் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, இருபுறமும் வேலி இருக்கிறது, சைக்கிளும் முச்சக்கரவண்டியும் உள்ளே நுழைய முடியாது. ஏ9 அப்படிப்பட்டதன்று. வன்னியின் ஊர்களுக்கு அதுவே கடைத்தெரு, பள்ளிக்கூடப் பாதை, வயலுக்குப் போகும் வழி. பின்விளக்கில்லாத பெட்டியை இழுத்துச் செல்லும் உழவு இயந்திரமும், இரவில் சூடான தாரில் வந்து படுத்துக்கொள்ளும் கட்டாக்காலி மாடுகளும், வரிசையாகச் சைக்கிளில் போகும் மாணவர்களும் அதே வீதியில்தான் இருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சாரதி ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி எடுக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் உலர்ந்த வீதியில் நிற்பதற்கு ஏறத்தாழ 57 மீற்றர் தேவைப்படும். 100 கிலோமீற்றர் வேகத்தில் அது 100 மீற்றரை நெருங்கிவிடும். எதிரே வாகனம் வருகிறது என்று ஹெட்லைட்டைத் தாழ்த்தினால் தெளிவாகத் தெரிவதோ 40, 50 மீற்றர்தான். அதாவது இரவில் இன்றைய 70கூட அதிகம். இவ்வளவு ஆபத்தை ஏற்றுக்கொண்டு கிடைக்கும் இலாபம் என்ன? வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரையான சுமார் 75 கிலோமீற்றரில் மிச்சமாகும் நேரம் 20 நிமிடத்துக்கும் குறைவு.

மாற்ற வேண்டியது வேறொன்று. மக்கள் செறிந்த பகுதிகளில் 50, வெளியே கார்களுக்கு 70, முச்சக்கரவண்டிக்கு 40 என்பது இன்றைய விதி. போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின்னர் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், இரணைமடுச் சந்தி என்று வீடுகளும் கடைகளும் வீதியை ஒட்டி நீண்டுகொண்டே போகின்றன. 50 என்ற பலகையும் அவற்றோடு சேர்ந்து நகர வேண்டும். 50இல் வரும் காரில் மோதுண்டவரைவிட 65இல் மோதுண்ட பாதசாரி உயிரிழக்கும் வாய்ப்பு 4.5 மடங்கு என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுவதை நினைத்தால், அந்தப் பலகை எந்த இடத்தில் நடப்படுகிறது என்பது சிறிய விடயமன்று. (முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் மட்டும் யாரும் சொல்லாமலேயே எல்லா வாகனங்களும் வேகத்தைக் குறைத்து, நின்று, கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகின்றன.)

தண்டனையைப் பொறுத்தவரை, சட்டம் ஏற்கெனவே மென்மையானதன்று. கவனயீனத்தால் மரணம் விளைவித்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். விபத்து நடக்காவிட்டாலும், ஆபத்தான முறையில் ஓட்டியதற்காகவே வழக்குத் தொடர மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. மதுபோதையில் ஓட்டுவது போன்ற குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபா. 2016இல் அது அறிவிக்கப்பட்டபோது தனியார் பேருந்துக்காரர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். இருந்தும் இரவு பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றால், ஒன்றையொன்று முந்திக்கொண்டு வலப்பக்கம் ஏறிவரும் இரண்டு பேருந்துகளைக் காண்பது அரிதன்று. பிடிபட மாட்டோம் என்று நம்புகிறவருக்குத் தண்டம் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. சமாதான காலத்தில், 2002 முதல் 2006 வரை, இதே வீதியில் புலிகளின் காவல்துறை வேகத்தை அளந்து தண்டம் அறவிட்டதை அந்நாளில் பயணித்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். அரசியல் கருத்து எதுவாயினும், அன்று எல்லையைத் தாண்டியவர் நிச்சயம் பிடிபடுவோம் என்று அஞ்சினார். அதனால் மெதுவாகப் போனார்.

ஆகவே சட்டத்தில் கைவைப்பதானால் சாரதிக்கு மேலே இருப்பவரைப் பாருங்கள் என்பேன். விடியுமுன் கொழும்பில் நிற்க வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுப்பவர் பேருந்து உரிமையாளர். நீதவான் முன் நிற்பவரோ சாரதி மட்டும். நெடுந்தூரப் பேருந்து ஒவ்வொன்றிலும் வேகப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கி, இரு நகரங்களுக்கிடையே சட்டப்படியான வேகத்தில் கடக்கவே முடியாத நேர அட்டவணையை வகுத்த உரிமையாளரின் வழித்தட அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் அதிகாரத்தை வழங்கினால், இரவுப் பேருந்துகளின் ஓட்டம் ஒரே மாதத்தில் மாறிவிடும் என்று நம்புகிறேன். அதோடு, அறுவடைக் காலம் தொடங்குமுன் உழவு இயந்திரப் பெட்டிகளின் பின்புறம் ஒளி தெறிக்கும் பட்டிகளை ஒட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாதான்.