கணக்கு யார் பெயரில்? அலுவலக மின்னஞ்சல், இணையச் சேமிப்பு: நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: கல்முனையில் கட்டடப் பொருள் மொத்த விற்பனை செய்கிறோம். வேலை செய்பவர்கள் பதினொரு பேர். கணினிச் சேவை நிறுவனம் ஒன்று, பதினொரு பேருக்கும் கடையின் பெயரில் மின்னஞ்சல், ஆளுக்கு 2 டெராபைட் சேமிப்பு, ஓராண்டு ஒப்பந்தம் என்று விலை கூறியிருக்கிறது. வேலை இருமடங்கு விரைவாகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அவர்கள் தந்த விலைப்பத்திரத்தை அப்படியே ஏற்க வேண்டாம். பதினொரு பேரில் கணினி முன் உட்காருபவர்கள் எத்தனை பேர்? லொறிச் சாரதிக்கும் களஞ்சியத்தில் சீமெந்துப் பை எண்ணுபவருக்கும் தனி அஞ்சல்பெட்டி எதற்கு? நிறுவனங்களுக்கு மின்னஞ்சலும் சேமிப்பும் தரும் கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசொப்ட் 365 இரண்டும் தலைக்கு இவ்வளவு என்றுதான் கட்டணம் அறவிடுகின்றன. விற்கும் இடைத்தரகருக்கும் தலைக்கணக்கில்தான் வருமானம். ஆகவே தலைகளைக் குறைக்கும் யோசனையை அவர் உங்களுக்குச் சொல்லமாட்டார்.

விற்பனைக்கு ஒரு முகவரி, கணக்குப் பிரிவுக்கு ஒரு முகவரி என்று வேண்டுமானால் அதற்காகப் புதிய ஆள் கணக்கு வாங்கத் தேவையில்லை. வொர்க்ஸ்பேஸில் ஒருவரின் கணக்கோடு 30 மாற்று முகவரிகள் வரை மேலதிகக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குழு முகவரி அமைத்தால் வரும் கடிதம் குழுவில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போய்ச்சேரும். மைக்ரோசொப்டில் பகிர்வு அஞ்சல்பெட்டி என்று ஒன்று உண்டு; அது 50 ஜிபி வரை தனி உரிமம் கேட்காது. உங்கள் கடைக்கு நான்கு கணக்குகளே போதும் என்று நினைக்கிறேன்.

இடம் பற்றி: நீங்கள் வைத்திருப்பவை விலைப்பட்டியலும் பற்றுச்சீட்டும் எக்செல் தாளும். ஸ்கான் செய்த ஒரு பக்கம் அரை எம்பி என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், வொர்க்ஸ்பேஸின் தொடக்கத் திட்டம் ஆளுக்குத் தரும் 30 ஜிபியில் ஏறத்தாழ அறுபதாயிரம் பக்கங்கள் அடங்கும். 2 டெராபைட் என்பது படப்பிடிப்பு நிலையங்களும் காணொளி தொகுப்பவர்களும் கேட்க வேண்டிய அளவு.

கூகுளா மைக்ரோசொப்டா என்றால், உங்கள் கணக்காளரைக் கேளுங்கள். அவர் எக்செலில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்திருப்பவரானால் மைக்ரோசொப்ட் பக்கம் போவதே நல்லது. அங்கே ஒரு பொறி உண்டு: 'பிஸ்னஸ் பேசிக்' என்ற மலிவான திட்டத்தில் வேர்டும் எக்செலும் உலாவியிலும் கைத்தொலைபேசியிலும் மட்டுமே திறக்கும். கணினியில் நிறுவும் மென்பொருள் வேண்டுமானால் அடுத்த திட்டமான 'ஸ்டாண்டர்ட்' வாங்க வேண்டும். விலை குறைவு என்று கையெழுத்திட்ட பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

ஓராண்டு ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் சற்றுக் குறையும். ஆனால் நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் அந்த இடத்துக்கான பணத்தை ஆண்டு முடியும்வரை கட்ட வேண்டும். முதல் சில மாதங்கள் விரும்பியபோது ஆளைக் கூட்டிக் குறைக்கும் மாதாந்த முறையில் ஓட்டிப் பாருங்கள். விலை டொலரில் என்றால், அன்றைய மாற்று விகிதமும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் மேலே ஏறும். உள்ளூர் முகவர் ரூபாயில் சொன்னால் 18 சதவீத வற் வரி அதில் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறு. இணைய முகவரி யாருடைய பெயரில் பதிவாகும்? மற்றக் கணக்குகளையெல்லாம் கட்டுப்படுத்தும் நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்தால் அஞ்சல்களையும் கோப்புகளையும் எப்படி ஒப்படைப்பார்கள்? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். 'டொட் எல்கே' முகவரியை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் நீங்களே நேரடியாகப் பதிவுசெய்யலாம். முகவர் செய்துதந்தாலும் உரிமையாளர் இடத்தில் கடையின் பெயரே இருக்க வேண்டும். கோப்பும் அஞ்சலும் உங்களுடையவையாக இருந்தும், முகவரி இன்னொருவர் பெயரில் இருந்தால் அவர் கேட்கும் விலையைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வேலை இருமடங்கு விரைவாகும் என்பது விற்பனைப் பேச்சு. கம்பி விலை மாறும்போது ஒரே தாளில் ஒருவர் திருத்த, மற்ற மூவரும் அதே கணத்தில் பார்ப்பார்கள். பழைய விலைக்குப் பற்றுச்சீட்டு போடுவது நிற்கும். அந்த மிச்சம் போதாதா?

கேள்வி: ஏறாவூரில் சிறு அச்சகம் நடத்துகிறேன். ஒரு வாரமாக வாடிக்கையாளர் அனுப்பும் மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. இடம் நிரம்பிவிட்டது, பணம் கட்டு என்று ஜிமெயில் சொல்கிறது. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: உடனே கட்ட வேண்டாம். இலவசக் கணக்கின் 15 ஜிபி என்பது அஞ்சல், ட்ரைவ் (கூகுளின் கோப்புச் சேமிப்பு), படங்கள் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் சுருக்கிய படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. அண்ட்ரொய்ட் கைத்தொலைபேசியின் வட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது இதற்குள்தான் போகிறது. குற்றவாளி பெரும்பாலும் அதுதான். வட்ஸ்அப் அமைப்பில் காணொளிகளைக் காப்புப் பிரதியிலிருந்து நீக்குங்கள்; பிறகு கூகுளின் சேமிப்புப் பக்கத்தில் பெரிய கோப்புகளை அளவுவாரியாகப் பார்த்து அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். அதன் பின்னும் போதாவிட்டால், அச்சகத்துக்கு வரும் வடிவமைப்புக் கோப்புகள் பெரியவை என்பதால், 100 ஜிபி திட்டம் வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் ஒரு சங்கத்தின் செயலாளர் நான். பதினைந்து வருடக் கூட்ட அறிக்கைகளையும் கடிதங்களையும் கூகுள் ட்ரைவில் ஏற்றினோம். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. கோப்பு கெட்டுவிட்டதா? மாற்றித்தர ஒருவர் பக்கத்துக்கு 100 ரூபாய் கேட்கிறார்.

பதில்: கெடவில்லை. அவை பாமினியில் தட்டியவை. பாமினி எழுத்துருவில் தமிழ் எழுத்தின் உருவம் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரிகிறது. கூகுளின் உலாவிப் பதிப்பில் அது இல்லாததால் மேலாடை கழன்றுவிடுகிறது. நம் பகுதி அலுவலகங்களில் பாதிப் பேர் இணையச் சேமிப்பைக் கைவிடுவதற்கு இணைய வேகத்தைவிட இதுதான் காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்துக்கு 100 ரூபாய் கொடுக்க வேண்டாம். பாமினியை ஒருங்குறிக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட் முறைக்கு) மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் பதினைந்து வருடத்தையும் மாற்ற முனைந்தால் செயலாளர் பதவியே வேண்டாம் என்று ஓடிவிடுவீர்கள். யாப்பு, அங்கத்தவர் பட்டியல், அடிக்கடி எடுத்தாளும் கடித மாதிரிகள் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவற்றை பாமினி உள்ள அதே கணினியில் பிடிஎஃப் ஆக்கி ஏற்றுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கும் தமிழாகவே தெரியும். உள்ளே சொல் தேட முடியாது. எனவே கோப்பின் பெயரை ஒருங்குறித் தமிழில், ஆண்டும் பொருளும் தெரியும்படி வையுங்கள். அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கம், வங்கி விவரம் உள்ள தாள்களை மட்டும் தெரியாத இணையத்தளங்களில் ஒட்டி மாற்றாதீர்கள். கணினியில் நிறுவி மாற்றும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்று தட்டச்சாளர் முறையிட்டால், அதே விசை அமைப்பில் ஒருங்குறியாகத் தட்டும் இலவச மென்பொருள்களும் உண்டு.

கேள்வி: அறுகம்பையில் விருந்தினர் விடுதி. முகாமையாளர் விலகிப் போய்விட்டார். முன்பதிவுகள் வரும் ஜிமெயில் அவர் ஆரம்பித்தது. மீட்பு எண்ணும் அவருடையது. பருவம் தொடங்கப்போகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். நிலுவைச் சம்பளம் ஏதும் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுக் கேளுங்கள். தனிநபர் ஜிமெயில் கணக்கை 'இது எங்கள் விடுதியினுடையது' என்று சொல்லி கூகுளிடம் மீட்பது நடக்கிற காரியமல்ல. அவர் தரமாட்டார் என்றால் காத்திராதீர்கள்: முன்பதிவுத் தளங்களில் தொடர்பு முகவரியை இன்றே மாற்றுங்கள், பழைய விருந்தினர்களுக்குப் புதிய முகவரியை அறிவியுங்கள்.

அடுத்தது விடுதியின் பெயரில் இரண்டு வொர்க்ஸ்பேஸ் கணக்குகள், நிர்வாகி நீங்கள். ஆள் மாறினால் கடவுச்சொல்லை மாற்றி, அவருடைய ட்ரைவ் கோப்புகளை இன்னொருவர் பெயருக்கு மாற்ற உங்களால் முடியும். அவசரத்தில் கணக்கை அழித்துவிட்டாலும் 20 நாட்களுக்குள் மீட்கலாம். இன்னொன்று: விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகளை ஊழியர்களின் வட்ஸ்அப்பில் வாங்குவதை நிறுத்துங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறு விடுதி என்று உங்களுக்கு விலக்குத் தராது.

கேள்வி: முகநூலில் '5 டெராபைட், ஆயுட்காலத்துக்கு, 3,500 ரூபாய்' என்று விளம்பரம். காத்தான்குடியில் நண்பர் வாங்கி நன்றாக வேலை செய்கிறது என்கிறார்.

பதில்: நண்பருக்கு வேலை செய்யும், நிற்கும்வரை. இப்படிப்பட்டவை பெரும்பாலும் எங்கோ ஒரு கல்வி நிறுவனத்துக்குக் கிடைத்த கணக்குகளைத் துண்டுபோட்டு விற்பவை. அந்த நிறுவனத்தின் நிர்வாகி உங்கள் கணக்கைத் திறக்கலாம், மூடலாம். ஒருநாள் மூடினால் யாரிடம் முறையிடுவீர்கள்? நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் பற்றுச்சீட்டும் முகவரியும் உள்ள வியாபாரியைப் பற்றி முறையிடப் பயன்படும். பெயரில்லாத முகநூல் பக்கத்தை அவர்களும் எங்கே போய்த் தேடுவார்கள்?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எங்கள் தொண்டு நிறுவனத்தின் அலுவலகம். மாரியில் மின்சாரமும் இணையமும் நாட்கணக்கில் போகும். இணையச் சேமிப்பு எங்களுக்குச் சரிவருமா, வெளி வன்தட்டு ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்: இரண்டும் வேண்டும். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் வன்தட்டும் கணினியும் ஒரே மேசையில்தான் நனையும். இணையச் சேமிப்பு மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. கணினியோடு ஒத்திசையும் கோப்பை ஒருவர் தவறுதலாக அழித்தால் இணையத்திலும் அழிந்துவிடும். கூகுள் ட்ரைவின் குப்பைத்தொட்டி 30 நாட்கள்தான் தாங்கும்.

பயனாளிகள் பட்டியல், நிவாரணப் படிவங்கள் இரண்டையும் இணையமின்றித் திறக்கும்படி இப்போதே குறித்து வையுங்கள். கம்பி அறுந்த பிறகு அந்த அமைப்பைச் செய்ய முடியாது. களப் படங்களை ஏற்றும் வேலையை உங்கள் இணையப் பொதியில் இரவுத் தரவு தனியாக இருந்தால் அந்த நேரத்துக்கு விடுங்கள். வன்தட்டில் மாதம் ஒரு பிரதி எடுத்து அலுவலகத்தில் வைக்காமல், மேட்டு நிலத்தில் வீடு உள்ள ஓர் உத்தியோகத்தரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்.

பணம் கட்டுமுன் ஒன்று: பதிவுசெய்த தொண்டு நிறுவனங்களுக்கு கூகுளும் மைக்ரோசொப்டும் இலவசமாகவோ கழிவு விலையிலோ திட்டங்கள் வைத்திருக்கின்றன. தகுதி நாட்டுக்கு நாடு வேறுபடும், பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அந்த விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை முகவர் யாருக்கும் முற்பணம் கொடுக்காதீர்கள்.