மருத்துவர் பதில்: தேங்க்ஸ்கிவிங் விருந்தும் அப்பாவோட கால் வீக்கமும்

அமெரிக்கால தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு பண்ற டர்க்கில, அதாவது வான்கோழில, நெஞ்சுக்கறி நல்லதா தொடைக்கறி நல்லதா, இல்ல கறியே வேண்டாம்னு டோஃபர்க்கிங்கற ரெடிமேட் சைவ ரோஸ்ட் வாங்கிடலாமான்னு ஒரு பக்கத்துக்கு கேட்டிருக்கீங்க, அதுக்கு கீழ பதில் சொல்றேன். ஆனா உங்க கடிதத்துக்கு நடுவுல ஒரு வரி இருக்கு, "அப்பாவுக்கு நாலஞ்சு நாளா சாயங்காலமானா ஷூ இறுக்குதாம், குளிருக்கு அப்படி ஆகும்தானே டாக்டர்?"னு. குளிருக்கு அப்படி ஆகாதும்மா. 71 வயசு, ஹார்ட் பம்பிங் குறைவு, போன வருஷம் இதே நியூ ஜெர்சில உங்க வீட்டு விருந்து முடிஞ்ச மறுநாள் ராத்திரி மூச்சு முட்டி நுரையீரல்ல தண்ணி கட்டி ஆஸ்பத்திரில படுத்திருந்தவர், அவருக்கு ஷூ இறுக்குதுன்னா அது உடம்புல தண்ணி சேருதுங்கற சேதியா இருக்கலாம். இதை படிச்சு முடிச்சதும் அங்க அவரை பாக்கற டாக்டருக்கு போன் போடுங்க, விருந்து முடியட்டும்னு காத்திருக்காதீங்க.

நீங்க நேரா கேக்காத கேள்வியும் எனக்கு புரியுது. நான் சமைச்சுப் போட்டதாலதான் அப்பாவுக்கு அப்படி ஆச்சா, இந்த வருஷமும் ஆகுமா, அதுதானே? டர்க்கி கறி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பல. அன்னிக்கு தட்டுல இருந்த உப்பு ஒரு காரணமா இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னொண்ணு, முட்டி வலிக்குன்னு கடையில வாங்கின ஐபுப்ரோஃபென் மாத்திரைய அதுக்கு முன்னாடி ஒரு வாரமா அவராவே போட்டுக்கிட்டிருந்தார்னு எழுதியிருக்கீங்க. அந்த வகை வலி மாத்திரை கிட்னிய உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வெச்சுக்க வைக்கும், நீர் மாத்திரையோட வேலையையும் கெடுக்கும். சீட்டு இல்லாம கிடைக்குதுங்கறதால அது பாதுகாப்பான மாத்திரைன்னு ஆயிடாது. பம்பிங் குறைஞ்சவங்க அதை கையால தொடக்கூடாது, முட்டி வலிக்கு என்ன போடலாம்னு அவர் டாக்டர்கிட்டயே கேளுங்க.

உப்பு எப்படி இவ்ளோ பண்ணுதுன்னு கேப்பீங்க. ட்ரிப்ஸ் ஏத்தற சாதாரண சலைன்ல ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு, உடம்புக்குள்ளயும் உப்பும் தண்ணியும் கிட்டத்தட்ட அந்த கணக்குலதான் சேர்ந்து நிக்கும். நல்ல ஹார்ட், நல்ல கிட்னி இருக்கறவங்களுக்கு கூடுதலா போன உப்பு ரெண்டு மூணு நாள்ல யூரின்ல போயிடும். பம்பிங் குறைஞ்சவங்களுக்கு கிட்னிக்கு ரத்தம் பத்தாம வரும், கிட்னி என்னவோ உடம்புல தண்ணியே இல்லைன்னு எடுத்துக்கிட்டு உப்பையும் தண்ணியையும் வெளிய விடாது. அப்போ பண்டிகை ரெண்டு நாள்ல கூடுதலா ஒன்றரை டீஸ்பூன் உப்பு உள்ள போய் தங்கிடுச்சுன்னா அதோட ஒரு லிட்டர் தண்ணியும் தங்கிடும், ஒரு லிட்டர்னா ஒரு கிலோ. அதனாலதான் கால் வீங்கறதுக்கு முன்னாடியே எடை மெஷின் காட்டிக் கொடுத்துடும்.

தினமும் காலைல எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்து, காபி டிபனுக்கு முன்னாடி, அதே அளவு துணில, அதே மெஷின்ல நிக்கச் சொல்லி காலண்டர்ல எழுதி வைங்க. உங்க ஊர் மெஷின் பவுண்டுல காட்டும், ஒரே நாள்ல ரெண்டு மூணு பவுண்டு ஏறினாலோ ஒரு வாரத்துல அஞ்சு பவுண்டு ஏறினாலோ அன்னிக்கே டாக்டருக்கு போன். அதைவிட முக்கியம் ராத்திரி எப்படி தூங்குறார்ங்கறது. ஒரு தலகாணில தூங்கினவர் ரெண்டு மூணு அடுக்கினா, படுத்தா இருமல் வருதுன்னு எழுந்தா, தூக்கத்துல மூச்சு திணறி எழுந்து ஜன்னல திறந்துக்கிட்டு உக்காந்தா, அது கேஸ் இல்லை. போன வருஷம் அதை கேஸ்னு நினைச்சு ஓமத்தண்ணி குடுத்து, தண்ணில போட்டா நுரைக்கிற அந்த பவுடரையும் குடுத்து விடியற வரைக்கும் உக்கார வெச்சிருக்கீங்க. அந்த பவுடர்ல இருக்கறதும் சோடியம்தான், எரியற இடத்துல எண்ணெய். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியல, உடம்பு வேர்க்குது, உதடு நீலமாகுது, நெஞ்சு வலிக்குது, நுரை நுரையா சளி வருதுன்னா நேரா 911க்கு போன் போட்டு ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்க, நீங்களே கார்ல ஏத்திக்கிட்டு கிளம்பாதீங்க.

பில்லுக்கு பயந்துதான் போன தடவை தாமதம் பண்ணோம்னு எழுதியிருக்கீங்க, விசிட்டர் இன்சூரன்ஸ்ல பழைய வியாதிக்கு கவர் இல்லையாம். அந்த பயம் நியாயமானதுதான், நான் லேசா எடுத்துக்கல. ஆனா 1986ல வந்த சட்டப்படி அங்க எமர்ஜென்சி இருக்கற ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட எல்லாமே, காசு இருக்கோ இல்லையோ முதல்ல பரிசோதிச்சு உயிருக்கு ஆபத்து இல்லாத நிலைக்கு கொண்டு வந்தே ஆகணும். பில் வரும், வந்தப்புறம் தவணை, உதவித் திட்டம்னு பேசிக்கலாம். ஒரு ராத்திரி தாமதம் பண்ணா அவரை ஐசியூல வைக்க வேண்டி வரலாம், அப்ப பில்லும் பெருசு ஆபத்தும் பெருசு.

இப்போ உங்க டர்க்கிக்கு வரேன். தோல் இல்லாம வெந்த நெஞ்சுக்கறி 100 கிராம்ல சுமார் 150 கலோரி, 30 கிராம் புரதம், ரெண்டு மூணு கிராம் கொழுப்பு. தொடையும் காலும் தோல் இல்லாம 175லேர்ந்து 185 கலோரி, 28 கிராம் புரதம், ஆறு ஏழு கிராம் கொழுப்பு, கூடவே இரும்புச்சத்தும் துத்தநாகமும் கொஞ்சம் ஜாஸ்தி. வருஷத்துல ஒரு நாள் உள்ளங்கை அளவு சாப்பிடறதுக்கு இந்த வித்தியாசத்தை பாத்து தூக்கத்தை கெடுத்துக்காதீங்க, தொடைக்கறிதான் பிடிக்கும்னா அதையே போடுங்க. தோலை மட்டும் எடுத்துடுங்க, தோலோட றெக்கைல கொழுப்பு 12 கிராம் கிட்ட போயிடும். பாக்க வேண்டியது லேபிள்ல "8% வரை கரைசல் சேர்த்தது"ங்கற மாதிரி சின்ன எழுத்துல இருக்கற வரியதான், அது கறிக்குள்ள ஊசியால ஏத்தின உப்புத்தண்ணி. வெறும் கறியில 100 கிராமுக்கு சோடியம் 100 மில்லிகிராம் கிட்டதான் வரும், ஊசி போட்டதுல அது ரெண்டு மடங்கோ அதுக்கு மேலயோ இருக்கும். யூத மத முறைப்படி தயாராகற கோஷர் டர்க்கியும் ஏற்கனவே உப்பு போட்டதுதான். ஊசி போடாதது வாங்கி, உப்புத்தண்ணில ஊற வைக்காம, மிளகு பூண்டு எலுமிச்சை ரோஸ்மேரி போட்டு 165 டிகிரி ஃபாரன்ஹீட் உள்ளுக்குள்ள வர்ற வரைக்கும் வேக வைங்க.

ஆனா தட்டுல கறிய விட மத்ததுலதான் உப்பு. பாக்கெட் ஸ்டஃபிங், டப்பா கிரேவி, பீன்ஸ் கேசரோல்ல ஊத்தற டப்பா காளான் சூப், அந்த சூப்ல பல பிராண்டுல அரை கப்புக்கே 800 மில்லிகிராம் சோடியம். ஒரு நாளைக்கு மொத்தமே 2000க்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு. இதெல்லாம் போதாதுன்னு மறுநாள் அப்பா மிச்ச கறிய ரசம் சாதத்தோட மாங்கா ஊறுகா வெச்சு சாப்பிட்டிருக்கார். கிரேவிய வீட்லயே பண்ணுங்க, ஊறுகாய அந்த வாரம் மேஜைக்கு கொண்டு வராதீங்க.

சைவ ரோஸ்ட் நல்லதான்னா, கொலஸ்ட்ரால் கிடையாது, புரதம் நல்லாவே இருக்கு, கோதுமை குளூட்டனும் சோயாவும் சேர்த்து பண்றது. ஆனா ரெடிமேடா வர்றதுல ஒரு தடவை பரிமாறற அளவுக்கே 500, 600 மில்லிகிராம் சோடியம் போறது சகஜம், அதாவது அப்பாவை பொறுத்தவரை ஊசி போடாத டர்க்கிய விட அது மோசம். சைவம்னு எழுதியிருந்தா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு அர்த்தம் இல்லைம்மா. அம்மா சைவம்னு சொன்னீங்களே, அவங்களுக்கு வெறும் டோஃபுவோ டெம்பேவோ வாங்கி நீங்களே மசாலா தடவி ஓவன்ல வைங்க, சோடியம் ரொம்ப கம்மி, டெம்பேல 100 கிராமுக்கு 19, 20 கிராம் புரதம் வரும், அப்பாவும் அதையே சாப்பிடலாம்.

மத்தபடி நெட்ல பாத்து அனுப்பின லிஸ்ட். சோயா சாப்பிட்டா ஆம்பளைக்கு மார்பு வளரும்ங்கறது வெட்டிப் பேச்சு, விடுங்க. டர்க்கில டிரிப்டோஃபான் இருக்கு மயக்கம் வரும்ங்கறாங்க, அது கோழியிலயும் அதே அளவுதான், வயிறு முட்ட சாப்பிட்டா யாருக்கும் தூக்கம் வரும். இந்துப்பு போட்டா பரவாயில்லையான்னா, இந்துப்பும் உப்புதான். அம்மா தைராய்டு மாத்திரை போடறாங்கன்னா அதை வெறும் வயித்துல போட்டு நாலு மணி நேரம் கழிச்சு சோயா சாப்பிடட்டும், அவ்ளோதான்.

ரெண்டு விஷயத்துல மட்டும் எனக்கு கோவமே வருது. ஒண்ணு, விருந்தன்னிக்கு லாசிக்ஸ்ங்கற நீர் மாத்திரை ஒண்ணு கூடுதலா போட்டுக்கிட்டு நல்லா சாப்பிடறேன்னு அப்பா சொல்றது. எடை இவ்ளோ ஏறினா இவ்ளோ கூட்டிக்கோங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா அது வேற, இல்லாம அவரா போட்டா பொட்டாசியம் இறங்கும், பிபி இறங்கும், நடு ராத்திரி பாத்ரூம் போற வழியில விழுந்து இடுப்பு உடையும். இன்னொண்ணு, நீங்க ஆசையா வாங்கி வெச்சிருக்கற "உப்புக்கு பதில்" டப்பா. அதுல இருக்கறது பொட்டாசியம் குளோரைடு. அவர் போடற ஸ்பைரோனோலாக்டோனும் ராமிப்ரிலும் ஏற்கனவே பொட்டாசியத்தை உடம்புல நிறுத்தி வைக்கற மாத்திரைங்க, அது மேல இதையும் கொட்டினா பொட்டாசியம் ஏறி, வெளிய ஒண்ணுமே தெரியாம இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போகலாம். அந்த டப்பாவை இன்னிக்கே குப்பைல போடுங்க, ஏற்கனவே சமையல்ல சேர்த்திருந்தா டாக்டருக்கு போன் பண்ணும்போது அதையும் சொல்லி ரத்தத்துல பொட்டாசியமும், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற கிரியாட்டினினும் பாக்கச் சொல்லுங்க.