மழை மாசத்துல சிங்கப்பூர் போலாமுங்களா?

கேள்வி: எங்களுக்கு அவிநாசிங்க. வீட்டுக்காரர் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்காரு. கிறிஸ்துமஸ் ஷிப்மெண்ட் எல்லாம் போன பிறகுதான் அவருக்கு லீவு. அதனால டிசம்பர் கடைசியில ஆறு நாள், ஆளுக்கொரு முதுகுப்பையோட ஹாஸ்டல்ல தங்கி, சிங்கப்பூரை நடந்தே சுத்திப் பாக்கலாம்னு கோவையில இருந்து டிக்கெட் போட்டுட்டோம். இப்போ சொந்தக்காரர் ஒருத்தர், "அங்க டிசம்பர்ல கொட்டித் தீக்குமே, ரூமுக்குள்ளயே உக்காந்துட்டு வரப்போறீங்களா"ங்கறாரு. வீட்டுக்காரர் தேதியை மாத்தீரலாம்ங்கறாரு. எனக்கு மனசு வரலைங்க. என்ன பண்ணலாம்?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள், தேதியை மாற்ற வேண்டாம். உங்கள் சொந்தக்காரர் சொன்னதிலும் தப்பில்லை. சிங்கப்பூரில் ஆண்டிலேயே அதிகம் பெய்யும் மாதம் டிசம்பர்தான். சராசரியாக 330 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. கோயம்புத்தூருக்கு வருஷம் முழுக்கக் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி, அந்த ஊரில் ஒரே மாதத்தில் பெய்கிறது. ஆனால் அது எப்படிப் பெய்கிறது என்று தெரிந்துகொண்டால் அறைக்குள் உட்கார வேண்டி வராது.

பருவம் தொடங்கியபின் பெரும்பாலான நாட்களில் மழை மதியத்துக்கு மேல்தான். மேகம் திரண்டு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். காலைப்பொழுது உங்கள் கையில். இன்னொரு வகை உண்டு: தென் சீனக் கடல் பக்கமிருந்து காற்று வலுத்து, இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஒரு பருவத்தில் இப்படி இரண்டிலிருந்து நான்கு முறை வரும். உங்கள் ஆறு நாளில் அது வந்து மாட்டினாலும் ஒரு நன்மை இருக்கிறது. புழுக்கம் போய் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்கும். நடக்க அதைவிட நல்ல வேளை அந்த ஊரில் கிடைக்காது.

இதை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். திங்களுக்கு இந்த இடம், செவ்வாய்க்கு அந்த இடம் என்று நாள் கணக்கில் எழுதி வைத்தால் முதல் மழையிலேயே எல்லாம் கலைந்து, ஒருவரை ஒருவர் குறை சொல்வதில் போய் முடியும். பகுதி கணக்கில் எழுதுங்கள். ஒவ்வொரு பகுதியிலும் கூரைக்குள் பார்க்க ஒன்று, வெட்டவெளியில் ஒன்று, சாப்பிட ஓர் இடம். மூன்றும் நடக்கும் தூரத்தில். மழை பிடித்தால் உள்ளே போங்கள், விட்டால் வெளியே வாருங்கள். போனில் நாள் முழுக்க இடி மேகப் படம் தெரிவதைப் பார்த்து மனசு விட்டுவிடாதீர்கள், டிசம்பரில் தினமும் அப்படித்தான் காட்டும். அந்நாட்டு வானிலை மையத்தின் தளத்தில் மழை ரேடார் படமும், பகுதி வாரியாக அடுத்த இரண்டு மணி நேரத்துக்கான கணிப்பும் இருக்கின்றன. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். தீவு கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர் நீளம். மேற்கே ஜூரோங்கில் கொட்டும்போது கிழக்கே சாங்கியில் வெயில் அடிப்பது சாதாரணம்.

ஓர் உதாரணத்துக்கு லிட்டில் இந்தியாவை எடுத்துக்கொள்வோம். தேக்கா நிலையம் என்ற சந்தையின் உணவுக் கடைகளில் காலைச் சாப்பாடு, பிறகு சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோயில். கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும், அதனால் காலையிலேயே கும்பிட்டுவிடுங்கள். மழை ஆரம்பித்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது, 2015ல் திறந்தது. நம்மவர்கள் கப்பலேறிப் போன கதை அங்கே பொருளும் படமுமாக இருக்கிறது, இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. அதற்குக் குடை பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதும் இல்லை. பழைய கடைவீடுகளின் மாடி முன்னால் நீண்டிருக்க, அதன் கீழேயே ஐந்தடி நடைபாதை வரிசையாகப் போகிறது. 1822ல் ராஃபிள்ஸ் நகரத்துக்குத் திட்டம் போட்டபோதே வெயிலுக்கும் மழைக்கும் கூரையோடு நடைபாதை விட வேண்டும் என்று விதி செய்துவிட்டார். மழை நேரத்தில் அதில் நடப்பதே ஓர் அனுபவம். ஒரு பக்கம் ஓட்டு விளிம்பிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர், மறு பக்கம் பூக்கடை, மளிகைக்கடை, நகைக்கடை. ஆனால் தரையைப் பார்த்து நடங்கள். கடைக்குக் கடை மட்டம் மாறும், எதிர்பாராத இடத்தில் ஒரு படி இறங்கும், பூப்போட்ட பழைய டைல்ஸ் ஈரத்தில் நன்றாக வழுக்கும்.

சிட்டி ஹால் பக்கம் இன்னும் சுலபம். தேசிய கலைக்கூடம் பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் சேர்த்து அமைத்தது. ஒரு நாள் மழையை அதற்குள்ளேயே கழிக்கலாம். ஆற்றோரத்து ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில், 1998ல் கடலடியில் கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இருக்கிறது. ஆயிரக்கணக்கான சீனக் கிண்ணங்கள். ஏற்றுமதித் தொழிலில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரர் அதைத் தவறவிடக் கூடாது. சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து எஸ்பிளனேட் வரை நிலத்தடியிலேயே கடைகளுக்கு நடுவே போய்விடலாம். மரினா பகுதியில் பேஃப்ரண்ட் நிலையத்திலிருந்து கார்டன்ஸ் பை த பே தோட்டத்துக்குச் சுரங்க நடைபாதை இருக்கிறது. கண்ணாடி மண்டபங்கள் இரண்டும் மழைக்கு ஏற்றவை. செயற்கைப் பெருமரங்களுக்கு நடுவே உயரத்தில் போகும் நடைபாலத்தை மட்டும் மழையில் மூடிவிடுவார்கள். மழை நேரத்தில் டாக்சிக்கும் கிராப் ஆப்பில் கூப்பிடும் காருக்கும் கட்டணம் ஏறிவிடும், கிடைப்பதும் கஷ்டம். எம்ஆர்டி என்ற மெட்ரோ ரயிலே போதும். நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குக் கூரை நடைபாதை அமைக்கும் திட்டத்தை 2013லேயே தொடங்கிப் பெரும்பாலான இடங்களில் போட்டுவிட்டார்கள். ஹாஸ்டலையும் அப்படிக் கூரை வழி இருக்கும் நிலையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். பத்து சிங்கப்பூர் டாலர் மிச்சம் என்று தள்ளி இருப்பதை எடுத்தால் தினமும் இரண்டு முறை நனைவீர்கள். முடிந்தால் டார்மிட்டரி கட்டிலை விட்டு இருவருக்குமான சிறு அறையாகவே எடுங்கள், மழைக் காலத்தில் துணி காயப்போட இடம் வேண்டும்.

துணி விஷயத்தில் திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் கனமுள்ள காட்டன் டிசர்ட் அங்கே காயாது. ஜீன்ஸ் கூடவே கூடாது. 130, 140 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் டிரைஃபிட் ஆளுக்கு மூன்று போதும். ராத்திரி அலசி, துண்டுக்குள் வைத்துச் சுருட்டி மிதித்து எடுத்து, ஏசி காற்றுப் படும்படி மாட்டுங்கள். ஏசி அறையின் ஈரத்தை இழுத்துவிடும், காலைக்குள் காய்ந்திருக்கும். மால்களிலும் ரயிலிலும் குளிர் எலும்பைத் தொடும், நனைந்த உடம்போடு நுழைந்தால் அன்றைக்கே தடுமன் பிடிக்கும். மாற்றுச் சட்டை ஒன்று கையிலேயே இருக்கட்டும். பைக்கு மேல்மூடி வாங்கினால் மட்டும் போதாது, முதுகுப் பக்கம் வழியும் தண்ணீர் உள்ளே இறங்கும். ஏற்றுமதி அட்டைப்பெட்டிக்குள் விரிக்கிறார்களே, அந்தப் பெரிய பாலி பை இரண்டு வாங்கிவரச் சொல்லுங்கள். அதைப் பைக்குள் விரித்து, அதற்குள் துணியை அடுக்கி, வாயை முறுக்கிச் செருகிவிட்டால் எந்த மழைக்கும் பயமில்லை. பாஸ்போர்ட்டுக்கும் பவர் பேங்குக்கும் தனி ஜிப் கவர். காலுக்கு ஷூ வேண்டாம், நன்றாகப் பிடிக்கும் பட்டை வைத்த செருப்பு போதும். இரவில் விரலிடுக்கை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் சேற்றுப்புண் வந்து நடையே நின்றுவிடும். டெங்கு உள்ள ஊர், கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழையை விட மின்னலுக்குத்தான் நான் பயப்படச் சொல்வேன். உலகத்தில் மின்னல் அதிகம் இறங்கும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. தாவரவியல் பூங்கா புல்வெளியிலோ செந்தோசா கடற்கரையிலோ இருக்கும்போது இடி கேட்டால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். அரை மணி நேரம் போனால் போகட்டும்.

இரண்டு பேரும் ஆறு நாளும் ஒட்டியே சுற்ற வேண்டும் என்றும் இல்லை. அடைமழையில் ஒருவருக்கு அருங்காட்சியகம், ஒருவருக்குக் கடைவீதி என்றால் அரை நாள் பிரிந்து போங்கள். சந்திக்கும் இடத்தை மட்டும் ரயில் நிலைய வாசலின் எழுத்தையோ எண்ணையோ சேர்த்துச் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் மாறினால் கொட்டும் மழையில் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்க நேரும்.

அவிநாசிக்காரர்கள் என்பதால் இன்னொன்றையும் ஆசையோடு சொல்கிறேன். அத்திக்கடவுத் தண்ணீருக்குத் தலைமுறையாகக் காத்திருந்து, 2024ல்தான் 1,045 குளம் குட்டைகளுக்கு வழி பிறந்ததைக் கண்ட ஊர் உங்களுடையது. அந்தக் கண்ணோடு மரினா அணைக்கட்டைப் போய்ப் பாருங்கள். 2008ல் கட்டியது. நகரின் நடுவே இருக்கும் மரினா விரிகுடா இன்று கடல் இல்லை, மழைநீர்த் தேக்கம். பெருமழை பெய்யும்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் மதகைத் திறக்கிறார்கள், உயர்ந்திருந்தால் ராட்சத பம்ப் வைத்து இறைத்துக் கடலில் விடுகிறார்கள். நாட்டின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கில் விழும் மழை ஓடை ஓடையாக வந்து 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. உள்ளே இருக்கும் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லை. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கும் போங்கள். 2.7 கிலோமீட்டர் சிமெண்ட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, 2012ல் மூன்று கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக ஆக்கியிருக்கிறார்கள். கரையில் புல் படுத்த அடையாளத்தைப் பார்த்தாலே தண்ணீர் எதுவரை ஏறி வடிந்தது என்று தெரியும். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே நெஞ்சு அடைக்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போது மட்டும் ஆற்றங்கரையில் இறங்க வேண்டாம், தண்ணீர் கிடுகிடுவென்று ஏறும். எச்சரிக்கைச் சங்கு ஊதினால் உடனே மேலே வந்துவிடுங்கள்.

அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் விசாவை இப்போதே போட்டுவிடுங்கள், ஆண்டுக் கடைசியில் கூட்டம். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை, போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். அது இலவசம், யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.